அபி கொண்டுவந்த வட்டம்

மகன்,

நீ தொலைபேசியில் அழுத நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சரியாகக் கதைக்கவில்லை. நீ தினமும் எடுக்கிறாய். "சாப்பிட்டீங்களோ" என்கிறாய், நான் "ஓம்" என்கிறேன். "அங்கை மழையோ" என்கிறாய், "இல்லை, வெயில்" என்கிறேன். அன்றைக்கு நீ கேட்ட கேள்வி மட்டும் எங்கள் நடுவில் அப்படியே நிற்கிறது. "அம்மா, உங்களுக்கென்ன விசரோ? இதுக்குப் பிறகும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போறீங்களோ?" நான் பதில் சொல்லாததால் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் எடுத்தாய். லைன் அறவில்லை. எனக்குத்தான் வாய் திறபடவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பல நாள்கள் நான் அப்படித்தான் இருந்தேன். பெரியம்மா தேத்தண்ணீர் தந்தால் கோப்பை கையில் ஆடும். இப்போது கை ஆடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ ஊரார் போட்ட வீடியோவில்தான் விஷயத்தை அறிந்தாய். வெறுங்காணியில் எழும் புகையும், சனம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதும், யாரோ ஒருவர் "முன்பள்ளிக்குள்ளை குண்டாம்" என்று சொல்வதும்தான் அதில் இருக்கிறது. உண்மையில் நடந்ததில் ஒன்றும் அதில் இல்லை. நடந்ததைச் சொல்வதென்றால் நான் எப்படி ரீச்சர் ஆனேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது நீதான். இப்போது நீயே விசாப் பத்திரம் அனுப்பி என்னை அங்கிருந்து வெளியே கூப்பிடுகிறாய்.

உன் அப்பா இல்லாமல் போன பிறகு நான் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். நீ அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. விடிய முதலே பளையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வாகனம் வரும். முழங்காலில் நின்று, முகத்துக்குக் கண்ணாடிக் கவசம் போட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகக் கிளறுவோம். மற்றவர்கள் அதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்பார்கள். ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. கவசத்துக்குள் என் மூச்சு மட்டும்தான் கேட்கும். அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது, அழ முடியாது, யாரையும் தேட முடியாது. போர் முடிந்த அந்த வருடங்களில் அப்படி ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது. என்னோடு பக்கத்துப் பாதையில் வேலை செய்தவள் செல்வி. என்னைவிட வயதில் குறைந்தவள், வாய் ஓயாதவள். கவசத்தைப் போட்டால் அவள்கூட வாயை மூடிவிடுவாள்.

நீ படித்து மெல்பேர்ணுக்குப் போய் வேலை கிடைத்ததும் முதல் சொன்னது, "அம்மா, இனி நீங்கள் அந்த வேலைக்குப் போகவேண்டாம்" என்றுதான். "ஏன் மோனை, எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்றேன். அப்போது நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நான் பள்ளிக்கூடத்தாலை வந்து வாசல்லை நிக்கிறது ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் வாகனத்தாலை இறங்கேக்கை உங்கடை காலைத்தான் முதல் பாப்பன். ரெண்டு காலும் இருக்கெண்டு கண்டாப் பிறகுதான் முகத்தைப் பாப்பன்." நான் திகைத்துப்போனேன். அவ்வளவு வருடங்களும் நீ பசியில்தான் வாசலில் நிற்கிறாய் என்று நினைத்து, இறங்கியதும் வாங்கிவந்த பணிசை உன் கையில் திணித்திருக்கிறேன். நீயும் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தின்றிருக்கிறாய். அடுத்த மாதமே வேலையை விட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை வாசலில் நின்ற நிலையை நினைத்த பிறகு என்னால் மண்ணில் முழங்கால் போட முடியவில்லை.

அச்சுவேலிக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்து சும்மா இருந்த காலம் எனக்கு நரகம். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தேன், செய்ய ஒன்றுமில்லை. போதகரின் மனைவிதான் ஒரு நாள் படலையில் நின்று, "சும்மாதானே இருக்கிறீங்கள், எங்கடை சபை மண்டபத்திலை நடக்கிற முன்பள்ளிக்கு வந்து பிள்ளையளோடை இருங்கோவன்" என்று கேட்டார். உனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். பயிற்சி வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இருபது வயதுப் பெட்டைகள். வண்ணத்துப்பூச்சிபோலக் கையை விரித்து ஆடச் சொன்னார்கள். நான் மரம்போல நின்றேன். ஒரு பெட்டை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியே போய்விட்டாள். ஆனால் "பிள்ளையோடை கதைக்கேக்கை முழங்காலிலை நிண்டு கண்ணுக்கு நேரை கதையுங்கோ" என்று ஆசிரியை சொன்னபோது, அந்த வகுப்பில் என்னளவு நேரம் முழங்காலில் நிற்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

தொடக்கத்தில் எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. இரைச்சல். ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து அழும். வீட்டுக்கு வந்தால் தலை வலிக்கும். முன்பு நான் செய்த வேலையில் நல்ல நாள் என்றால் ஒன்றும் நடக்காத நாள். இங்கே ஒன்றும் நடக்காத நாளே கிடையாது. விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அபி வந்தாள். அவளுடைய குடும்பம் முகாமிலும் வாடகை வீடுகளிலும் காலம் கழித்து, இராணுவம் விட்டுக்கொடுத்த தங்கள் சொந்தக் காணிக்கு அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. தாய் வதனி அவளைப் படலையில் விட்டுப் போக, அவள் அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை. மாதக்கணக்காக ஒரு சொல் இல்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் மணல் தட்டை வைத்துக்கொண்டு இருப்பேன். பிள்ளைகள் விரலால் எழுத்துப் பழகுகிற மரத் தட்டு அது. நான் ஏதாவது கீறுவேன், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என் கையை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு சுற்றுக் கீறி, "ரீச்சர், இது எங்கடை கிணறு" என்றாள். தெளிவாக, ஒவ்வொரு நாளும் கதைக்கிற பிள்ளைபோல. பின்னேரம் மரக்கறி வாங்க மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன, பேரப்பிள்ளை பிறந்தமாதிரிச் சிரிச்சுக்கொண்டு வாறாய்" என்றார். நான் சிரித்துக்கொண்டு வந்ததே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தலைவலி வந்ததாக நினைவில்லை. உனக்காகப் போன வேலை, அன்றிலிருந்து என் வேலை ஆகிவிட்டது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் வட்டம் படிப்பித்தேன். வீட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் சொன்னேன்: "நாளைக்கு வரேக்கை வீட்டிலை இருந்து வட்டமான ஒரு சாமான் கொண்டு வரவேணும். உருண்டாலும் சரி." வெள்ளிக்கிழமை காலை பாயில் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவராகக் காட்டச் சொன்னேன். தேசிக்காய், போத்தல் மூடி, காப்பு, அம்மம்மாவின் பாக்கு, பாதி கடித்த பிஸ்கற். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அபி தன் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, லேஞ்சித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து, அவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள். "ரீச்சர், இது வடிவா உருளுது. நேற்று நான் முத்தம் முழுக்க உருட்டிப் பாத்தனான். வட்டம்தானே?"

துவக்கில் பூட்டிச் சுடுகிற குண்டு, மகன். முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. பொன்னிற மூக்கு. பிள்ளைகளின் கண்ணை இழுப்பதற்கென்றே செய்ததுபோல மினுங்கும். அடியில் ஓடிய வளையத்தில் சரிவுக் கீறல்கள் இருந்தன. சுட்ட குண்டில்தான் அந்தக் கீறல் விழும். சுட்டும் வெடிக்காமல் விழுந்த குண்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. முகமாலையில் இதைக் கண்டால் நாங்கள் தொடமாட்டோம், மூச்சைக்கூட அதன் பக்கம் விடமாட்டோம். அதைத்தான் இந்தப் பிள்ளை முற்றம் முழுக்க உருட்டியிருக்கிறாள், பையில் போட்டுத் துள்ளித் துள்ளி நடந்து வந்திருக்கிறாள். எனக்கு அந்தக் கணத்தில் பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. காது அடைத்துப்போனது. நான் கேட்டதைத்தான் அவள் கொண்டுவந்திருக்கிறாள் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

"ஓம் அபி, வட்டம்தான்" என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல இருந்தது. "அப்பிடியே வைச்சிரு. அசையாதை. ரீச்சர் வந்து பாக்கிறன்." பிறகு என்னோடு படிப்பிக்கிற நிரோஷாவைப் பார்த்து, "நிரோஷா, பிள்ளையளை ரெயில் விட்டுக் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போம்" என்றேன். அவள் சின்னப் பெட்டை, ஒன்றும் விளங்கவில்லை. "இப்பவோ அக்கா? இன்னும் பாதிப் பேர் காட்டேல்லையே." "இப்ப. பாட்டைப் பாடிக்கொண்டு, ஓடாமல் போம்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அபியின் கையைப் பார்த்தாள். அவளுடைய உதட்டில் நிறம் இல்லாமல் போனது. ஆனால் நிரோஷா பாடத் தொடங்கினாள், மகன். குரல் நடுங்க நடுங்க ரெயில் பாட்டைப் பாடினாள். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள்.

அபிக்கு ரெயில் என்றால் உயிர். "நானும் வாறன்" என்று குண்டோடு எழும்பப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் பாயிலிருந்து உயர்ந்ததை நான் கண்டேன். "இல்லை அபி, நீதான் ஸ்ரேசன்" என்றேன். எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று எனக்குத் தெரியாது. "ரெயில்தான் ஓடும். ஸ்ரேசன் அசையாது. ஸ்ரேசன் அசைஞ்சால் ரெயில் எங்கை வந்து நிக்கிறது?" அவள் யோசித்தாள். பிறகு, பெரிய பொறுப்பு வந்துவிட்டவள்போல, திரும்ப இருந்தாள். ரெயில் வாசலால் வெளியே போனது. பாட்டு மெல்ல மெல்லத் தூரமானது. மண்டபத்தில் நானும் அவளும் அதுவும்தான்.

முழங்காலில் நகர்ந்து அவளுக்கு முன்னால் போனேன். மணல் தட்டை இழுத்து அவள் மடிக்குக் கிட்ட வைத்தேன். அவளுடைய கைகளுக்குக் கீழே என் கைகளைக் கொடுத்தேன். எவ்வளவு சூடான சின்னக் கைகள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மணலில் இறக்கினோம். "இப்ப மொட்டு விரியிற மாதிரி விரலை விரி பாப்பம்" என்றேன். நாங்கள் தினமும் பாடுகிற பாட்டில் கை மொட்டாகிப் பூவாகும். அவள் விரல்களை அதேபோல, அவசரப்படாமல் ஒவ்வொன்றாக விரித்தாள். மணலில் அது படுத்துக் கிடந்தது. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை. வாசலைத் தாண்டும்போது அவள் என் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்து, "ரீச்சர், என்ரை வட்டம்" என்றாள்.

பொலிஸ் வந்தது. பிறகு குண்டு எடுக்கிற ஆக்கள் வந்தார்கள். மணல் தட்டோடு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னாலுள்ள வெறுங்காணியில் வைத்து வெடிக்கவைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தெருமுனைக் கோயிலடியில் இருந்த பிள்ளைகள் திருவிழா வெடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். கைதட்டல் என் காதில் விழுந்தது. அப்போதுதான் கோயில் படியில் குந்தி வாந்தி எடுத்தேன். முகமாலையில் அத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அங்கே மண்ணுக்குள் கிடந்தது என் உயிர் மட்டும். இங்கே அது ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கிடந்தது.

வதனி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் பிள்ளையைப் பிடித்து முதுகில் அடித்தாள். பயத்தில் அடிக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "அடியாதேங்கோ வதனி, அவள் ஒரு பிழையும் செய்யேல்லை" என்று நடுவில் போனேன். "எங்கையடி எடுத்தனி? சொல்லு, எங்கை எடுத்தனி?" என்று அவள் பிள்ளையை உலுக்கினாள். அபி விக்கி விக்கி அழுதுகொண்டு, "கிணத்தடியிலை" என்றாள். பிறகு, அது தாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, "இன்னும் கிடக்கு அம்மா" என்றாள்.

வதனியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "நாங்கள் அந்தக் கல்லிலைதானே உடுப்புத் தோய்க்கிறனாங்கள்" என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உன்னுடைய தொலைபேசி அழைப்பு வந்தபோதும் என் கண்ணுக்குள் அந்த முகம்தான் நின்றது. அதனால்தான் உனக்குப் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மண்டபத்தில் பெற்றார் கூடினார்கள். ஒரு தகப்பன் எழும்பி, "ரீச்சர், உது இன்னது எண்டு உங்களுக்கு எப்பிடி உடனை தெரிஞ்சது?" என்று கேட்டார். சொன்னேன். பெரியம்மாவையும் போதகர் குடும்பத்தையும் தவிர அங்கே ஒருவருக்கும் என் முந்திய வேலை தெரியாது. நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன். வகுப்புக்குள் வண்ணத்துப்பூச்சியும் மொட்டும் ரெயிலும் மட்டும் இருக்கவேண்டும், அந்த மண்ணின் ஒரு துணிக்கைகூட உள்ளே வரக்கூடாது என்று நினைத்திருந்தேன். பின் வரிசையில் இருந்த வதனி மெதுவாக, "அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். எங்கடை பிள்ளையளுக்கு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..." என்றாள். திங்கட்கிழமை ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வரவில்லை. நானும் நிரோஷாவும் பாயை விரித்து, மத்தியானம் மட்டும் இருந்து, சுருட்டி வைத்துவிட்டு வந்தோம்.

அந்தக் கிழமைதான் வதனியின் காணியைப் பரிசோதிக்க மிதிவெடி அகற்றும் குழு வந்தது. குழுவுக்குப் பொறுப்பாக வந்தது யாரென்று நினைக்கிறாய்? செல்வி. பிள்ளை சொன்னது உண்மைதான். கிணற்றடியில் பழைய கற்குவியலுக்குள் ஒன்றல்ல, பல கிடந்தன. வேலை முடிந்து கவசத்தைக் கழற்றிவிட்டுச் செல்வி வேலிக்கு வெளியே என்னிடம் வந்தாள். ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வராததை அவளுக்குச் சொன்னேன். "அக்கா, உங்கடை மகன் கஜன் சுகமோ? அக்கா, திரும்பி வாங்கோவன். பழகின கை எங்களுக்குப் போதாமல் கிடக்கு. இந்தப் பக்கம் காணியெல்லாம் திரும்பப் பாக்கப் போறம்." நான் வேலிக்கு அப்பால் பார்த்தேன். பாதை பிரித்துக் கட்டிய சிவப்புக் கயிறு, மண்வாசம், அந்த அமைதி. என் முழங்காலுக்கு அந்த மண் தெரியும். "ஓம்" என்று சொல்லிவிடுவேன் என்றுதான் நானே நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஏலாது செல்வி, எனக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்." அவள் சிரித்தாள். "ஒரு பிள்ளையும் வரேல்லை எண்டு இப்பதானே சொன்னீங்கள்?" "பிள்ளையள் வருங்கள்" என்றேன். அதைக் கேட்டு அதிகம் திகைத்தவள் நான்தான், மகன். வேலை மாறியது எனக்கு எப்போதோ நடந்துவிட்டது. அதை அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அறிந்தேன்.

முதலில் வந்தது அபி. படலைக்கு வெளியே வதனியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்று. நான் போய் முழங்காலில் நின்றேன். நிலத்தைப் பார்த்தபடி, "ரீச்சர், என்னோடை கோவமோ?" என்று கேட்டாள். அத்தனை நாளும் அந்தப் பிள்ளை, தான் பிழையான சாமானைக் கொண்டுவந்ததால்தான் பொலிஸ் வந்தது, அம்மா அடித்தா, பள்ளிக்கூடம் பூட்டியது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தாய் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்: "நீ கொண்டுவந்தது சரியான மறுமொழி அபி. ரீச்சர்தான் கேள்வியைச் சரியாக் கேக்கேல்லை. எதைத் தொடக்கூடாது எண்டு முதல் சொல்லித் தந்திட்டுத்தான் கேட்டிருக்கவேணும்." வதனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அபி உள்ளே வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. சிலர் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்துவிட்டார்கள், அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. இப்போது தாய்மார்களையும் பிள்ளைகளோடு பாயில் இருத்துகிறேன். செல்வியிடம் படங்கள் வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்பதற்கு நிரோஷா ஒரு மெட்டுப் போட்டிருக்கிறாள். முன்பு ஆட மாட்டாமல் மரமாக நின்ற நான் அதற்குக் கையை அசைத்து ஆடுகிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். நாலு வயதுப் பிள்ளைக்கு இதைப் படிப்பிக்கிறோமே என்று ஒவ்வொரு நாளும் ஒரு தரம் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தாலும் படிப்பிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை விளையாட்டு நேரம். திடீரென்று முற்றத்தில் சத்தம் நின்றது. எந்த ரீச்சருக்கும் தெரியும், பிள்ளைகள் சத்தம் போட்டால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம். வெளியே ஓடினேன். மதிலோரம் புல்லுக்குள் ஏதோ மினுங்கியது. அதற்குத் தூரத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி அபி நின்றாள். ஒருவரையும் தன்னைத் தாண்ட விடவில்லை. "ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ரீச்சர், நான் ஒண்டு கண்டனான். தொடேல்லை" என்றாள். அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லை.

மீன் ரின்னின் தகர மூடி. யாரோ தின்றுவிட்டு எறிந்தது. ஆனாலும் நான் பழைய முறைப்படி தூர நின்று பார்த்து, முழங்காலில் இறங்கி, கிட்டப் போய்ப் பார்த்து, நேரம் எடுத்துத்தான் எழும்பினேன். "வெறும் ரின் மூடி. ஆனால் அபி செய்ததுதான் சரி" என்றேன். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். என் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ வருடம் நிலத்திலிருந்து அந்தச் சாமான்களை எடுத்திருக்கிறேன். எடுத்த இடத்தில் ஒரு குழிதான் மிஞ்சும். இந்தத் தரம் ஒரு பிள்ளை மிஞ்சி நின்றது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். பயப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு தாய்க்காக ஒரு பிள்ளை படக்கூடிய பயத்தை எல்லாம் நீ சின்ன வயதிலேயே பட்டுவிட்டாய். ஆனால் அப்போது நான் உன் சொல்லைக் கேட்டு ஒரு வேலையை விட்டேன். இந்த வேலையை விடச் சொல்லிக் கேட்காதே. நீயும் எப்போதாவது, எந்த வயதிலாவது, காலையில் எழும்பியதும் போகவேண்டும் என்று கால் பரபரக்கிற ஒரு வேலையைக் கண்டுபிடித்தாயென்றால், இருக்கிற உத்தியோகத்தை நினைத்துத் தயங்காதே. யார் சிரித்தாலும் போய்ச் சேர்ந்துவிடு. பயிற்சி வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவனாக இருப்பது ஒரு கிழமைக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

நீ அனுப்பிய விசாப் பத்திரங்களை நிரப்பிவிட்டேன். அங்கேயே இருந்துவிடுவதற்கானதை அல்ல, வந்து போவதற்கானதை. பேசி வைத்திருக்கிற உன் கலியாணத்தை என் கண்ணால் காணாமல் இருப்பேனா? பெண் வீட்டாரோடு கதைத்துக் கலியாண நாளை ஓகஸ்ட் விடுமுறைக்குள் பார். பள்ளிக்கூடம் தொடங்கும் திங்கட்கிழமை நான் இங்கே நிற்கவேண்டும்.

அம்மா